அச்சுக்காக எழுதியதை வலைப்பக்கமாக்க எந்த வழி? லேடெக் முதல் டைப்ஸ்ட் வரை ஓர் ஒப்பீடு

கல்லூரியில் பாடம் எடுப்பவர்கள், ஆய்வேடு முடித்தவர்கள், சின்னதாகப் பதிப்பகம் நடத்துபவர்கள் என்று பலரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். "லேடெக்கில் 200 பக்கத்துக்குக் குறிப்பு இருக்கிறது. பிடிஎஃப் அழகாக வருகிறது. ஆனால் பிள்ளைகள் போனில்தான் படிக்கிறார்கள். இதையே வலைப்பக்கமாகப் போட என்ன செய்வது?" லேடெக் இருக்கும் இடத்தில் சிலர் வேர்டு என்பார்கள், சிலர் இன்டிசைன் என்பார்கள். மற்றதெல்லாம் அதேதான்.

அச்சுக்கோப்பு மென்பொருளுக்குத் தாளின் அகலமும் உயரமும் முதலிலேயே தெரிந்தாக வேண்டும். லேடெக்குக்கு அடியில் ஓடும், டொனால்ட் நூத் உருவாக்கிய டெக், ஒரு பத்தியை முழுதாகப் பார்த்துத்தான் எந்த வரியை எங்கே ஒடிப்பது, சொற்களுக்கு நடுவே எவ்வளவு இடம் விடுவது என்று முடிவெடுக்கும். வலைப்பக்கத்தில் அந்த அகலம் படிப்பவரின் கையில் இருக்கிறது. போனைக் கிடைமட்டமாகத் திருப்பினாலே எல்லாம் மாறிவிடும். ஆகவே மாற்றும்போது டெக் பாடுபட்டுச் செய்த வரியமைப்பு முழுவதும் போய்விடும். தப்பிப்பது நீங்கள் பெயர் சொல்லிக் குறித்தவை மட்டுமே: இது தலைப்பு, இது அடிக்குறிப்பு, இது மேற்கோள், இது தேற்றம். கண்ணுக்கு அழகாக இருக்கிறதே என்று நாலு வரி இடம் விட்டதும், எழுத்தைப் பெரிதாக்கித் தலைப்புபோல் காட்டியதும் அந்தப் பக்கம் போய்ச் சேராது. எந்தக் கருவியை எடுத்தாலும் இதுதான் நிலை. கருவிக்குக் கருவி மாறுவது, எவ்வளவு போகிறது, போனதை உங்களிடம் சொல்கிறதா என்பவைதான்.

## எதை வைத்து எடைபோடுவது

மூலக்கோப்பு ஏற்கெனவே இருக்கிறதா, இனிமேல்தான் எழுதப்போகிறீர்களா? பாதி முடிவு இந்தக் கேள்வியிலேயே வந்துவிடும். அடுத்து, உள்ளே இருப்பது வெறும் உரையா, சமன்பாடுகளா, டிக்ஸ் என்ற லேடெக் தொகுப்பில் கட்டளை எழுதி வரைந்த படங்களா, நீளமான நூற்பட்டியலா என்று பாருங்கள்.

மூன்றாவது, வெளியே வரும் எச்டிஎம்எல்லின், அதாவது வலைப்பக்கம் எழுதப்படும் மொழியின், தரம். பிரவுசரில் ஒன்றுபோலவே தெரியும் இரண்டு பக்கங்களில், ஒன்றில் தலைப்பு தலைப்பாகவே குறிக்கப்பட்டிருக்கும். மற்றதில் அது தடித்த எழுத்தில் உள்ள ஒரு பத்தியாக மட்டும் இருக்கும். பார்வையற்றவர்கள் திரைவாசிப்பானில் தலைப்புக்குத் தலைப்பு தாவிப் படிப்பார்கள். இரண்டாவது பக்கத்தில் அவர்களால் தாவ முடியாது. நான்காவது, மொத்தத் தோற்றத்தையும் ஒரே சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் விதிகள்) கோப்பில் மாற்ற முடிகிறதா என்பது.

ஐந்தாவதைத்தான் பலர் யோசிப்பதில்லை. அடுத்த முறை திருத்தினால் என்ன ஆகும்? மாற்றி வந்த எச்டிஎம்எல்லைக் கையால் அங்கங்கே ஒட்டுப்போட்டு ஒழுங்காக்கி வைத்திருப்பார்கள். இரண்டு மாதம் கழித்து மூலக்கோப்பில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தி மறுபடி மாற்றினால், அந்த ஒட்டு எல்லாம் காலி. வெளியே வந்த கோப்பைத் தொடவே கூடாது, வேண்டியதை எல்லாம் மூலத்திலோ சிஎஸ்எஸ்ஸிலோதான் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொண்டால், எந்த வழி உங்களுக்குத் தாங்கும் என்பது தானாகவே தெரியும்.

## டெக்4எச்டி: லேடெக்கை உண்மையாகவே ஓட்டிப் பார்ப்பது

ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஐடன் குராரி உருவாக்கியது. டெக் லைவ் என்ற லேடெக் தொகுப்பை நிறுவியிருந்தால் உங்கள் கணினியில் இப்போதே இருக்கும். இன்று இதை மேக்4எச்டி என்ற கட்டளை வழியாக ஓட்டுவதுதான் வழக்கம்.

இது வேலை செய்யும் விதம் கொஞ்சம் விசித்திரம். உங்கள் கோப்பை நிஜமான டெக்கே ஓட்டுகிறது. ஓடும்போது "இங்கே தலைப்பு தொடங்குகிறது, இங்கே முடிகிறது" என்ற ரகசியக் குறிகளை டிவிஐ கோப்புக்குள் (டெக் வெளியிடும், பக்கம் அமைத்து முடித்த கோப்பு) விதைத்துவிடும். பிறகு இன்னொரு நிரல் அந்த டிவிஐயைப் படித்து, எழுத்துகளைப் பொறுக்கி, குறிகள் இருக்கும் இடத்தில் எச்டிஎம்எல் ஒட்டுகளை (டேக்) போடும். ஓடுவது அசல் டெக் என்பதால், நீங்களே எழுதி வைத்த கட்டளைகள், யாரோ ஒரு சீனியர் கொடுத்துவிட்டுப் போன பழைய ஸ்டைல் கோப்பு எல்லாம் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். பத்து வருடமாகச் சேர்ந்த சொந்தக் கட்டளைகளோடு ஆய்வேடு வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயம்.

விலையும் அங்கேயே இருக்கிறது. டிவிஐக்குள் இருப்பது ஃபான்ட் மாற்றங்கள். அதனால் வரும் எச்டிஎம்எல்லைத் திறந்து பார்த்தால், தடித்த எழுத்து வரும் இடத்தில் "சிஎம்பிஎக்ஸ்-12" என்கிற மாதிரி, கம்ப்யூட்டர் மாடர்ன் ஃபான்ட்டின் கோப்புப் பெயரே வகுப்புப் பெயராக (சிஎஸ்எஸ் விதி பிடித்துக்கொள்ளும் அடையாளப் பெயர்) உட்கார்ந்திருக்கும். மூலத்தில் ஃபான்ட்டை மாற்றினால் அந்தப் பெயரும் மாறும், நீங்கள் எழுதிய சிஎஸ்எஸ் விதி அநாதையாகிவிடும். தப்பிக்க வேண்டுமென்றால், டெக்4எச்டியின் அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு கட்டளைக்கும் என்ன ஒட்டு வேண்டும் என்று நீங்களே சொல்ல வேண்டும். அந்தக் கோப்பு எழுதும் மொழி தனி வித்தை. பழகும் வரை எரிச்சலாகத்தான் இருக்கும்.

இன்னும் இரண்டைக் கவனியுங்கள். சமன்பாடுகளுக்கு மேத்எம்எல் (சமன்பாட்டை எழுதும் வலை மொழி) அல்லது மேத்ஜாக்ஸ் (சமன்பாட்டைத் திரையில் காட்டும் ஜாவாஸ்கிரிப்ட்) வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் சிக்கலான சமன்பாடுகள் படமாக வரும். கறுப்பு எழுத்தும் ஊடுருவும் பின்னணியும் கொண்ட அந்தப் படங்கள், போனில் டார்க் மோடு போட்டவர்களுக்குக் கண்ணிலேயே படாது. அடுத்தது, அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்தால் கோப்புப் பெயர்கள் வரிசை எண்ணோடு வருவது. லேடெக்2எச்டிஎம்எல் என்ற பழைய மாற்றுக் கருவியின் காலத்துப் பல்கலைக்கழகப் பக்கங்களில் "நோட்12" என்று முடியும் முகவரிகளைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு பகுதியைச் செருகினால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா எண்ணும் நகரும். மாணவர்கள் குறித்து வைத்த இணைப்பு வேறு பாடத்துக்குப் போய் நிற்கும். தலைப்பை வைத்துப் பெயரிடும் விருப்பத்தை முதல் நாளே போட்டுவிடுங்கள்.

## லேடெக்எம்எல்: டெக்கைப் போல நடித்துக் காட்டுவது

அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான நிஸ்டில் புரூஸ் மில்லர் எழுதியது. 2010-இல் வெளிவந்த கணிதச் சார்புகளின் மின்நூலகத்துக்காகப் பிறந்த கருவி. 2023 டிசம்பரில் ஆர்க்கைவ் தளம் புதிய ஆய்வுக் கட்டுரைகளுக்கு பிடிஎஃப்புடன் எச்டிஎம்எல் வடிவமும் தரத் தொடங்கியபோது, அடியில் வைத்தது இதைத்தான்.

டெக்கை ஓட்டாமல், டெக்கின் நடத்தையை பெர்ல் மொழியில் மறுபடி எழுதியிருக்கிறார்கள். "தேற்றம்" என்று நீங்கள் குறித்தது தேற்றம் என்றே கடைசி வரை போகும், சமன்பாடு சுத்தமான மேத்எம்எல்லாக வரும். 2023 ஜனவரியில் குரோம் 109 மேத்எம்எல்லை மறுபடி ஏற்றுக்கொண்ட பிறகு, கூடுதல் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலே அது எல்லா முக்கிய பிரவுசர்களிலும் தெரிகிறது. வகுப்புப் பெயர்களும் பொருளோடு இருக்கும், சிஎஸ்எஸ் எழுத நிம்மதி.

ஆனால் லேடெக்கில் சேர்த்துக்கொள்ளும் ஒவ்வொரு கூடுதல் தொகுப்புக்கும் (பேக்கேஜ்) யாராவது தனியாக இணைப்பு எழுதி வைத்திருக்க வேண்டும். அப்படி எழுதப்படாத பேக்கேஜ் வந்தால் எச்சரிக்கை மழை பொழியும், பக்கத்தின் நடுவில் சிவப்பாகக் கட்டளையின் பெயரே நிற்கும். டிக்ஸ் படம் நிறைய இருந்தால் நேரமும் தின்னும். கணிதம் கனமாகவும் பேக்கேஜ்கள் வழக்கமானவையாகவும் இருக்கும் கட்டுரைகளுக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை என்பது என் எண்ணம். விதவிதமான அலங்காரப் பெட்டிகளோடு இருக்கும் பாடநூலுக்கு இதை எடுக்க மாட்டேன்.

## பான்டாக்: எளிமையானதை வேகமாக

பெர்க்லியில் தத்துவப் பேராசிரியரான ஜான் மெக்ஃபார்லேன் 2006-இல் தொடங்கியது. லேடெக், மார்க்டவுன், வேர்டு என்று கைக்குக் கிடைத்ததைப் படித்து, கேட்டதாக எழுதித் தரும். வரும் எச்டிஎம்எல் படிக்கவே சுகமாக இருக்கும்: தலைப்பு, பத்தி, பட்டியல், அவ்வளவுதான். சிஎஸ்எஸ் கோப்பை ஒரு விருப்பத்தில் இணைத்துவிடலாம்.

பான்டாக்கை லேடெக் படிக்க வைக்கும்போதுதான் ஏமாந்துபோவோம். அதற்கு லேடெக் முழுதாகத் தெரியாது. எளிய சொந்தக் கட்டளைகளை விரித்துக்கொள்ளும். புரியாத கட்டளையைச் சத்தம் போடாமல் தாண்டிப் போய்விடும். டெக்4எச்டி தடுக்கி விழுந்தால் பிழைச்செய்தி வரும், லேடெக்எம்எல் சிவப்பு மையில் எழுதும். பான்டாக்கில் ஒரு படமோ ஒரு பெட்டியோ காணாமல் போனது யாராவது படித்துச் சொன்னால்தான் தெரியும். எதைத் தாண்டியது என்று சொல்ல வைக்கும் விருப்பம் இருக்கிறது. அதை எப்போதும் போட்டு ஓட்டுங்கள்.

இனிமேல்தான் எழுதப்போகிறீர்கள் என்றால் கதை வேறு. மார்க்டவுனில் (எளிய குறிகளோடு எழுதும் வெற்று உரை) எழுதினால், வலைக்கு எச்டிஎம்எல், அச்சுக்கு லேடெக் வழியாக பிடிஎஃப், இரண்டும் ஒரே மூலத்திலிருந்து கிடைக்கும். பெரிய நூல், குறுக்குக் குறிப்புகள், தேடல் வசதி எல்லாம் வேண்டுமென்றால் பான்டாக்கின் மேல் கட்டப்பட்ட குவார்ட்டோவைப் பாருங்கள். போசிட் நிறுவனம் 2022-இல் வெளியிட்டது. அதன் கண்ணுக்குத் தெரியாத செலவு, போட்டவுடன் கிடைக்கும் அழகு. பூட்ஸ்டிராப் என்ற ஆயத்த சிஎஸ்எஸ் தொகுப்பின் அடிப்படையிலான அந்தத் தோற்றம் முதல் நாளே நன்றாக இருப்பதால் யாரும் மாற்றுவதில்லை, எல்லாருடைய தளமும் அண்ணன் தம்பிபோல் இருக்கிறது. கூடவே இரண்டு பக்கக் குறிப்புக்குக்கூட ஒரு கோப்புறை நிறைய ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேரும்.

## வேர்டும் இன்டிசைனும்

வேர்டில் "வலைப்பக்கமாகச் சேமி" என்று ஒன்று உண்டு. அதைத் தொடாதீர்கள். வடிகட்டிய வடிவம் என்று எடுத்தால்கூட ஒவ்வொரு பத்தியிலும் "எம்எஸ்ஓ நார்மல்" என்ற வகுப்பும், ஃபான்ட் பெயரும், விளிம்பு அளவும் ஒட்டிக்கொண்டே வரும். அப்படி உள்ளேயே பதிந்த அளவுகள் உங்கள் சிஎஸ்எஸ்ஸை முந்திவிடும்.

நல்ல வழி, அந்த டாக்எக்ஸ் கோப்பை பான்டாக்கிடம் கொடுப்பது. ஒரு நிபந்தனை: தலைப்புகளுக்கு வேர்டின் தலைப்பு ஸ்டைல்களைப் போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால் சுத்தமாக வரும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கியிருந்தால் அது தடித்த பத்தியாகவே வரும். 300 பக்கம் அப்படி இருந்தால், முதலில் வேர்டிலேயே உட்கார்ந்து ஸ்டைல் போடும் ஒரு நாள் வேலையை ஒத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்டிசைனும் இப்படித்தான், பத்தி ஸ்டைல்களுக்கு எச்டிஎம்எல் ஒட்டுகளைப் பொருத்தி வைத்தால் ஓரளவு நன்றாக வரும். வடிவமைப்பாளர் அவசரத்தில் ஒவ்வொன்றையும் கையால் அமைத்திருந்தால், அந்தக் கோப்பை விட்டுவிட்டு ஆசிரியரின் மூலப் பிரதியிலிருந்து தொடங்குவது மலிவு.

## டைப்ஸ்ட்

லேடெக்கைப் போன்ற அச்சுக்கோப்பு மென்பொருள், 2023-இல் திறந்த மூலமாக வந்த புதுமுகம். ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது, தட்டிய கணத்தில் பிடிஎஃப் வரும், பிழைச்செய்திகள் மனிதர் பேசுவதுபோல் இருக்கும். வலைப்பக்கத்துக்கு? 2025-இல் வந்த 0.13 பதிப்பில் எச்டிஎம்எல் ஏற்றுமதி சோதனை நிலையில் சேர்ந்தது, அதையும் தனியாகக் கேட்டு இயக்க வேண்டும். தோற்றத்துக்கு எதுவும் தராது, சிஎஸ்எஸ் முழுக்க உங்கள் பொறுப்பு. எனக்கு அது பிடித்தே இருக்கிறது. ஆனால் அந்தப் பதிப்பில் சமன்பாடுகள் நேராக எச்டிஎம்எல்லுக்கு வரவில்லை, எஸ்விஜி படமாகச் சுற்றித்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. அச்சு முதன்மை, வலை பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர் டைப்ஸ்டில் தொடங்கலாம். இந்தப் பருவத்திலேயே தளம் வேண்டும் என்பவர் வேண்டாம்.

## எதிர்த் திசை: வலையில் எழுதி அச்சுக்கு அனுப்புவது

வாசகர்களில் பெரும்பாலோர் திரையில்தான் படிக்கிறார்கள், அச்சு எப்போதாவது ஒரு பிரதி என்றால், எச்டிஎம்எல்லை மூலமாக வைத்துக்கொண்டு சிஎஸ்எஸ்ஸாலேயே பக்கம் அமைக்கலாம். இதற்கான கருவிகளில் வீசிபிரின்ட், பேஜ்ட் ஜேஎஸ் இரண்டும் இலவசம். பிரின்ஸ் காசுக்கு விற்பது, தரம் அதிகம். குரோமும் 2024 இறுதியில் வந்த 131-ஆம் பதிப்பிலிருந்து பக்க விளிம்பில் எண்ணும் தலைப்பும் போட விடுகிறது. அடிக்குறிப்பு நிறைந்த ஆய்வு நூலுக்கு இந்த வழி இன்னும் இடறும், பிரவுசர்களுக்கு அச்சு அடிக்குறிப்பு தெரியாது. சமையல் குறிப்பு, பயிற்சிக் கையேடு, சங்கத்தின் ஆண்டு மலர் போன்றவற்றுக்குத் தாராளம்.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது நல்லது | எச்டிஎம்எல் தரம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| டெக்4எச்டி | சொந்தக் கட்டளைகள் நிறைந்த பழைய லேடெக் | நடுத்தரம், உழைத்தால் நன்று | அமைப்புக் கோப்பு பழகுதல், ஃபான்ட் பெயர் வகுப்புகள் |
| லேடெக்எம்எல் | கணிதம் கனமான கட்டுரை | மிக நன்று | ஆதரவில்லாத பேக்கேஜ்கள், நேரம் |
| பான்டாக் | உரை அதிகம், புது எழுத்து, டாக்எக்ஸ் | நன்று, எளிமை | சத்தமில்லாமல் விடுபடுதல் |
| குவார்ட்டோ | பல அத்தியாய நூல், தளம் | நன்று | கனமான கோப்புகள், ஒரே முகம் |
| வேர்டின் நேரடிச் சேமிப்பு | எப்போதும் இல்லை | மோசம் | எல்லாமே |
| டைப்ஸ்ட் | அச்சு முதன்மையான புது நூல் | வளர்ந்துவருகிறது | சோதனை நிலை, சமன்பாடுகள் |
| எச்டிஎம்எல்லிலிருந்து அச்சு | திரை வாசகர்கள் அதிகம் | நீங்கள் எழுதுவதே | அடிக்குறிப்பு, பக்க ஒடிப்பு |

பிடிஎஃப்பையே எச்டிஎம்எல்லாக மாற்றும் கருவிகளைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அவை ஒவ்வொரு வரியையும் பக்கத்தில் குறிப்பிட்ட புள்ளியில் ஆணி அடித்து வைக்கும். பார்க்க அச்சு அசல், போனில் படிக்க முடியாது.

## தமிழ்க் கோப்பு என்றால் கூடுதலாக

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியது என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றாமல் எந்தக் கருவியில் போட்டாலும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும்.

யூனிகோடு லேடெக் என்றால் ஸீலேடெக்கிலோ லுவாலேடெக்கிலோ எழுதியிருப்பீர்கள். பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டினால் கொம்பு முன்னும் பின்னுமாக இடம் மாறி விழுமே, அதே ஆபத்து வெளியீட்டைப் படித்து மாற்றும் கருவிகளுக்கும் உண்டு. எழுத்துகளை வடிவமாகக் கோத்த பிறகு உள்ளே இருப்பது எழுத்தா வடிவ எண்ணா என்பதில்தான் சிக்கல். எல்வார்ப் என்ற பேக்கேஜ் பிடிஎஃப்பிலிருந்தே உரையை உருவுகிறது, அதில் இந்தப் பயம் கூடுதல். மூலக்கோப்பை நேராகப் படிக்கும் பான்டாக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. எதுவானாலும் நூல் முழுவதையும் ஓட்டுவதற்கு முன், கொ, கௌ, ஸ்ரீ, க்ஷ எல்லாம் வரும் பத்து வரியை மாற்றிப் பாருங்கள். பிரவுசரின் தேடலில் "கொடி" என்று தட்டினால் கிடைக்கிறதா என்பதே போதுமான சோதனை.

பக்கத்தின் மொழி தமிழ் என்று குறியுங்கள். பான்டாக்கில் ஒரு வரிதான், குறிக்காவிட்டால் அந்த இடம் காலியாகவே போகும், திரைவாசிப்பான் எந்தக் குரலில் படிப்பது என்று தடுமாறும். தலைப்புகளின் இணைப்புப் பெயரை நீங்களே சுருக்கமாக ஆங்கில எழுத்தில் கொடுத்துவிடுங்கள். "அறிமுகம்" என்ற சொல் யூனிகோடில் 8 குறிகள். முகவரியில் அது சதவீதக் குறியும் எண்ணுமாக விரிந்தால் 72 எழுத்தாகும். வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு இணைப்பு வந்தால் பாதிப் பேர் ஏதோ வைரஸ் என்று தொடாமலே விடுவார்கள்.

சிஎஸ்எஸ்ஸில் அச்சுப் பழக்கம் ஒன்றை விட வேண்டும்: இருபுறமும் சமமாக ஒழுங்குசெய்வது. நம் சொற்கள் நீளம். போனின் குறுகிய வரியில் மூன்று சொல் விழுந்தால் நடுவில் வெற்றிடம் ஆறாக ஓடும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக இருக்கட்டும். வரி இடைவெளியை ஆங்கிலப் பக்கங்களைவிடக் கொஞ்சம் கூட்டி, 1.7 அளவில் வையுங்கள். மேலே விசிறி, கீழே சுழி என்று நம் எழுத்து இரண்டு பக்கமும் இடம் கேட்கும். அகல அட்டவணைகளை மட்டும் தனியாகப் பக்கவாட்டில் நகரும்படி செய்யுங்கள், இல்லாவிட்டால் முழுப் பக்கமும் நகரும்.

சிலவற்றை மாற்றவே வேண்டாம். பழைய வினாத்தாள், கையெழுத்து போட்டு அனுப்பும் படிவம், ஒரு பக்கச் சுற்றறிக்கை எல்லாம் பிடிஎஃப்பாகவே இருக்கட்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று நாலு வரி எச்டிஎம்எல்லில் எழுதி, கீழே இணைப்பும் கோப்பின் அளவும் போட்டால் போதும்.